யானைத்தீ

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் ஞாயிறுதோறும் மாலையில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசிக் கலையும் சிறு கூட்டம் எங்களுடையது. எங்களுள் மூத்தவரான அண்ணன் ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வாரம் ஒன்றாக மாறிவரும் மூன்று ஷிஃப்டுகள். பெரியபாளையம் வழியாகப் போய்வரும் நீண்ட பேருந்துப் பயணம். இரவுப்பணி வாரங்களில் அரைத் தூக்கத்தோடுதான் கூட்டத்துக்கு வருவார். கையில் போண்டாவோ வடையோ மடித்த பொட்டலம் ஒன்று தவறாமல் இருக்கும்.

ஒருநாள் எங்களில் ஒருவர், "இதோ, காயசண்டிகை வந்துவிட்டார்" என்றார். மணிமேகலையைப் படித்திருக்கிறோம் என்ற பெருமிதத்தில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு அவர் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டு ஐந்து மாதங்களில் 14 கிலோ குறைத்தார். மனவுறுதி என்றால் இதுவல்லவா என்று பாராட்டினோம். ஓராண்டுக்குள் போன எடை முழுவதும் திரும்பிவிட்டது. கூடவே மேலும் 2 கிலோ. அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீடு தேடிச் சென்றபோது சொன்னார்: "வயிறு நெறஞ்சிடுது தம்பி. போதும்னு சொல்லத்தான் உள்ள யாரும் இல்ல."

நல்ல உவமை என்றே முதலில் எண்ணினோம். அறிவியலைத் தேடிப் படிக்கத் தொடங்கியபின்தான், அவர் சொன்னது உவமையே அல்ல என்பது விளங்கிற்று.

'போதும்' என்று சொல்வதற்கு உடலுக்குள் உண்மையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். உணவு சிறுகுடலின் மேற்பகுதியை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின் சுரக்கிறது. குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள எல் வகைச் செல்களிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்னும் இரண்டு ஹார்மோன்கள் புறப்படுகின்றன. இவை இரத்தத்தின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்பிக் கையை நிறுத்தச் சொல்கின்றன. 'இன்னும்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார், அவர் கிரெலின். 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு கண்டறிந்த இந்த ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. உணவு வேளைக்கு முன் ஏறும், உண்டபின் இறங்கும்.

உடல் பருத்தவர்களிடம் இந்த ஒழுங்கு குலைந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டின. உண்டபின் கிரெலின் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. பிஒய்ஒய் குறைவாகச் சுரக்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் மிகுதியாக இருந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

எங்களை நாணவைத்தது வேறோர் ஆய்வு. 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. உடல் பருத்த 50 பேரைப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் சேர்த்தார்கள். எடை குறைந்ததும் கிரெலின் ஏறிற்று, லெப்டினும் பிஒய்ஒய்யும் இறங்கின, பசி மிகுந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் சீராகவில்லை. இழந்த எடையைப் பஞ்சகாலத்து இழப்பாகவே உடல் கணக்கில் எழுதிக்கொண்டு, மீட்டுத் தரும்படி விடாமல் கேட்கிறது போலும். அண்ணன் தோற்றது சோம்பலிடம் அன்று. இரவும் பகலும் ஓயாத ஒரு குரலிடம்.

அந்த இரவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் உறங்கிய நிலையோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பும் உப்பும் மாவுப்பண்டமுமே அவர்கள் மனம் நாடியவை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதைப் படித்தபோது அந்தப் பொட்டலம் எங்கள் கண்முன் வந்தது.

எல்லாவற்றுக்கும் ஹார்மோனே காரணம் என்று சொல்லவரவில்லை. மரபும் வருமானமும் கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பதும் சேர்ந்தே உடலை எழுதுகின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனவுறுதி தளர்ந்துவிட்டது என்று யார் நம்புவார்?

ஜிஎல்பி-1ஐப் போலச் செயல்படும் ஊசிமருந்துகள் 2025இல் எடைக் குறைப்புக்கென இந்தியச் சந்தைக்கும் வந்தன. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துபோகும். மருந்தோ ஒரு வாரம் நின்று 'போதும்' என்கிறது. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதாக 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. அந்தக் குரல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2025இல் வந்தபோது மருந்தின் விலையோ ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் அடங்குவது கடினமாக இருந்தது.

மணிமேகலையை மறுபடி எடுத்துப் பார்த்தோம். காயசண்டிகையின் பசிக்குச் சாத்தனார் வைத்த பெயர் யானைத்தீ. அது முனிவர் ஒருவரின் சாபத்தால் வந்த நோய். மணிமேகலை அவளுக்கு அறிவுரை கூறவில்லை; அமுதசுரபியிலிருந்து அள்ளி இட்டாள், தீ அணைந்தது. நாங்கள் கதையை நினைவில் வைத்திருந்தோம், கருணையை விட்டுவிட்டோம்.

நாங்கள் அமரும் குளக்கரைக்கும் ஒரு கதை உண்டு. ஓராண்டு நோன்பிருந்த சாலிஹோத்திர முனிவர் உண்ண அமர்ந்தபோது கிழவர் ஒருவர் வந்து பசி என்றார். முனிவர் கொடுத்தார். பசி தீரவில்லை என்றார். தம் பங்கையும் கொடுத்தார். ஏன் இத்தனை பசி என்று கேட்கவில்லை. உண்டு முடித்த கிழவர், படுக்க 'எவ்வுள்' என்று கேட்டார். அதனால் ஊர் திருஎவ்வுள் ஆயிற்று என்கிறது தலபுராணம். பசி தீர்ந்ததும் பெருமாளே கேட்டது உறங்க ஓர் இடம்.

சென்ற ஞாயிறு அண்ணனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "அட விடுங்கப்பா" என்றார். ஷிஃப்டை மாற்றித் தர எங்களால் ஆகாது. கூட்டத்தை அவருடைய பகல் ஷிஃப்ட் வாரங்களுக்கு மாற்றிக்கொள்ள மட்டுமே முடிந்தது. அந்தப் பெயரை இனி யாரும் சொல்வதில்லை. அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.