முத்துக்கு எத்தனை மார்க்?

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் பாடத்திட்டக் குழுவுக்கு வெளியார் ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பட்டம் வாங்காமலே கல்லூரிப் படியிறங்கியவன் நான். பின்வாசல் வழியாகவாவது மறுபடி உள்ளே போகலாமே என்ற ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

தமிழ் இளங்கலை வகுப்பில் கதை எழுதப் பழக்கும் தாள் ஒன்று. என்ன பாடம் நடத்துவது என்று யோசிப்பதற்கு முன்பே, படித்து முடித்த மாணவனுக்கு என்னென்ன செய்ய வரும் என்று எழுதிவிட வேண்டுமாம். பல்கலைக்கழக மானியக் குழு சில ஆண்டுகளாக வற்புறுத்தி வருகிற முறை இது.

“மாணவர்கள் கதையை ரசிப்பார்கள் என்று போடுங்களேன்” என்றேன் உற்சாகமாக.

பேராசிரியை ஒருவர் சிரித்தார். “ரசித்தான் என்பதை எப்படி சார் கண்டுபிடிப்பது? கண்ணுக்குத் தெரிகிற வினைச்சொல்லாகச் சொல்லுங்கள்” என்று ஓர் அட்டவணையை என் பக்கம் நகர்த்தினார். அமெரிக்காவில் பெஞ்சமின் புளூமும் அவர் கூட்டாளிகளும் 1956-இல் வகுத்த ஆறு படிகள். அறிதலில் தொடங்கி மதிப்பிடுதலில் முடிந்தன. 2001-இல் திருத்தியவர்கள் ‘படைத்தல்’ என்பதை உச்சிப்படியில் வைத்தார்கள். எனக்கு அந்தத் திருத்தம் பிடித்துப்போயிற்று. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வினைச்சொல் அகப்படாத சங்கடத்தில் முத்துக்குளிப்பு ஞாபகம் வந்தது. இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அந்த நாளில் எடுத்த எடுப்பில் தோணிகளை அனுப்பிவிட மாட்டார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு பெறுமான முத்து தேறும் என்று மதிப்புப் போடுவார்கள். அதன் பிறகே குளிப்பு. கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பழைய முறைப்படி 10 சல்லடைகள். முதலாவதில் 20 கண், கடைசியில் 1000. ஆனால் சல்லடை சொல்வது பருமனைத்தான். உருட்சியையும் ஒளியையும் வியாபாரி கண்ணால் பார்த்தே தரம் பிரித்தான். கண்ணால் பார்த்தான் என்பதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கும் ஆணிமுத்து எதுவென்று தெரியும்.

“சரி, சல்லடைக்கு எத்தனை மார்க், கண்ணுக்கு எத்தனை மார்க்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

ஊரிலேயே திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாணவன் அவர்களில் ஒருவரிடம் போய், அவர் கதையைக் கேட்டு எழுதட்டும் என்றேன். சொன்னவர் ‘இது என் கதைதான்’ என்று ஒப்பும்படி எழுத வருவதே படிப்பின் பயன். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுவது பரீட்சை. அகமதிப்பீட்டின் 25 மார்க்கில், எழுத்துப் பிழை, அளவு, குறித்த நாளில் கொடுத்தல் ஆகியவற்றுக்கு 15, அது சல்லடை. மீதி 10 இதற்கு.

இளம் ஆசிரியர் ஒருவர் குறுக்கிட்டார்: “உண்மையை எழுதி, அது அவருக்குப் பிடிக்காமல் போனால்?”

எனக்குச் சுருக்கென்றது. என் முதல் நாவலில் தம்மைக் கண்டுகொண்ட என் சித்தப்பா மூன்று வருஷம் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. மார்க் போடுகிற பென்சில் அவர் கையில் இருந்திருந்தால் எனக்குப் பூஜ்யந்தான். நான் எழுதியவற்றில் அதுவே நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவரிடம் ஒரு முறை வாசித்துக் காட்டியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன்.

வெகுநேரம் பேசினோம். வாசித்துக் காட்டுவது அப்படியே இருக்கட்டும். அவர் ஆட்சேபித்தால் மாணவன் அந்த ஆட்சேபத்தையும் கீழே எழுதி, தான் மாற்றினானா, மாற்றவில்லையா, ஏன் என்று சொல்லட்டும். பத்து மார்க்கும் அந்தப் பதிலுக்கே என்று முடிவாயிற்று. அந்த அம்மாள் வினைச்சொல்லைக் குறித்துக்கொண்டார்: ‘பொறுப்பேற்றல்’. அட்டவணையில் தேடினோம். இல்லை. அவர் எழுதியதை அடிக்கவில்லை.