பேய் மூணு தடவை கூப்பிடாது

நமக்கு சொந்த ஊர் தங்கச்சிமடம். பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் போற வழியில வரும். காலேஜ்ல இந்தப் பேரைச் சொன்னா எல்லாரும் முழிப்பானுங்க. "தனுஷ்கோடி பக்கம்டா"ன்னு சொன்னா போதும், உடனே அடுத்த கேள்வி வரும். "மச்சி, அங்க பேய் இருக்காமே?"

நானும் சும்மா விடுறதில்லை. ஒருநாள் ராத்திரி ஹாஸ்டல்ல கரண்ட் போச்சு. எடுத்து விட்டேன் பாருங்க கதை! வருஷா வருஷம் டிசம்பர் 22 நடுராத்திரி, வாடைக்காத்து அடிக்கிறப்ப, தண்டவாளமே இல்லாத மணல்ல ரயில் விசில் கேட்கும்... ஜன்னல்ல ஈரத்தலையோட ஆளுங்க தெரிவாங்க... பக்கத்து ரூம்காரன் பாத்ரூமுக்குக் கூட துணை தேடினான். :-)

இதுல பாதி நெசம். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து கிளம்பின 653-ம் நம்பர் பாசஞ்சர் தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்குறப்ப புயல்ல சிக்கி கடலோட போச்சு. ரயில்வே கணக்குல 115 பேர். டிக்கெட் எடுக்காம ஏறினவங்க எந்தக் கணக்குலயும் இல்லை. அதுவரைக்கும் தனுஷ்கோடி பெரிய ஊர். மெட்ராஸ்ல இருந்து போட் மெயில்ல வர்றவங்க அங்க இறங்கித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவாங்க. போஸ்ட் ஆபீஸ், சர்ச் எல்லாம் இருந்துச்சு. ஒரே ராத்திரியில முடிஞ்சது. மனுஷங்க குடியிருக்க லாயக்கில்லைன்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு. அறுந்துபோன பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க. தனுஷ்கோடிக்கு மட்டும் அதுக்கப்புறம் ரயிலே போகலை.

விசில், ஈரத்தலை எல்லாம் நம்ம சொந்த சரக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கதை கேட்ட ரெண்டு பேர் போன டிசம்பர் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தானுங்க. 2017-ல ரோடு போட்டதுல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் வண்டியிலயே போயிரலாம். இடிஞ்ச சர்ச் முன்னாடி போட்டோ எல்லாம் எடுத்துட்டு, இருட்டுறதுக்குள்ள திரும்பிட்டோம். ராத்திரி சாப்பிடுறப்ப ஒருத்தன் எங்க அப்பத்தாகிட்ட ஆரம்பிச்சான். "பாட்டி, நீங்க பேயைப் பாத்திருக்கீங்களா?"

அப்பத்தாவுக்கு புயல் அடிச்சப்ப பன்னிரண்டு வயசு. அவங்க அண்ணன் தனுஷ்கோடி துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டு இருந்தாராம். இது எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

"பாக்கல தம்பி, கேட்டிருக்கேன்"னாங்க. "புயல் அடிச்சு நாலஞ்சு நாள் இருக்கும். ராத்திரி வாசல்ல எங்கண்ணன் எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சு. எந்திரிச்சேன். எங்காத்தா வாயைப் பொத்திருச்சு. பேய் மூணு தடவை கூப்பிடாது, மூணாவது கூப்பிட்டாத்தான் போகணும்னுச்சு. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டுச்சு. மூணாவதுக்கு விடிய விடியக் காத்திருந்தேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க.

"பேயா இருந்தா சரி. உசுரோட வந்து, மூணாவது கூப்பிடத் தெம்பில்லாம போயிருந்தா?"

யாரும் பேசலை. அண்ணன் உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கலையாம். தனுஷ்கோடியில இருந்து அந்த நிலைமையில ஒருத்தர் தங்கச்சிமடம் வரைக்கும் நடந்து வந்திருக்க முடியுமா? எனக்கு சந்தேகம்தான். வாடைக்காத்து கதவைத் தட்டியிருக்கும், பிள்ளை மனசு மிச்சத்தைக் கேட்டிருக்கும். இதை அப்பத்தாகிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொல்லலை. அறுபது வருஷமா அவங்க இதை யோசிக்காமலா இருந்திருப்பாங்க?

ஒண்ணு மட்டும் அப்பத்தான் புரிஞ்சது. எங்க வீட்டுல எத்தனை மணிக்கு யார் வந்து கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே "இந்தா வாரேன்"னு எந்திரிக்கிற ஒரே ஆள் அப்பத்தாதான். வயசானா தூக்கம் வராதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

ஹாஸ்டல்ல இப்பவும் பேய்க் கதை கேட்கிறானுங்க. நான் 653-ஐப் பத்திச் சொல்றேன். விசில் சத்தத்தை மட்டும் எடுத்துட்டேன்.