குட்டியானையில் ஒரு ரேஸ் பைக்

ரேஸ் பைக் என்றதும் எல்லோருக்கும் அது முட்டி தரையில் உரச வளைவில் சாய்ந்து போகிற படம்தான் ஞாபகம் வரும். அந்த பைக் ரேஸ் நடக்கிற இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? போன வருஷம் வரை நானும் யோசித்ததில்லை. இப்போது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாவம். :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், திருச்சுழி ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். வயது 24. பெரியப்பா இல்லை. பெரியம்மாவும் அண்ணனும்தான். அண்ணனுக்கு ஒரே ஆசை, ரேஸ் ஓட்ட வேண்டும். அடிபட்டுக் கிடந்த யமஹா ஆர்15 ஒன்றை மலிவாக வாங்கி, ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் கழற்றி ரேஸுக்குத் தயார் பண்ணிவிட்டார். அப்புறம்தான் பிரச்சனை. ஹெட்லைட் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. போக வேண்டிய இடமோ 500 கிலோமீட்டர்.

ரேஸ் எங்கே நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் முதலில் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் அங்கே பந்தயம் நடத்தியது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே டிராக் வந்தது. 3.7 கி.மீ. சுற்று, 12 திருப்பம். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் அமைந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 500 கி.மீ., செட்டிபாளையம் சுமார் 260. ரெண்டுமே நமக்குப் பக்கம் இல்லை. சீமைக்கருவேலத்துக்கும் கரிமூட்டத்துக்கும் நடுவில் பிறந்துவிட்டு ரேஸ் டிராக் பக்கத்தில் வேண்டும் என்றால் எப்படி?

முதல் தடவை ஒரு பயிற்சி நாளுக்காக வாடகை வண்டி பிடித்தோம். பைக்கை ஏற்றி, சைடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பாரில் நைலான் கயிறு கட்டி, "கெட்டியா இருக்கு, போகலாம்" என்று நான்தான் சொன்னேன். துவரங்குறிச்சி தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது பார்த்தால் பைக் படுத்துக் கிடக்கிறது. கிளட்ச் லீவர் உடைந்து, டேங்க் நசுங்கி, பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அண்ணன் டிராக்கில் இறங்கவே இல்லை. வாடகை, பயிற்சிக் கட்டணம், லீவர், டேங்க் எல்லாம் சேர்த்து ஒரு மாதக் கடை வருமானம் போனது. கட்டியது நான். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திரும்பி வந்ததும் அண்ணன், "சொந்தமா ஒரு வண்டி வாங்கிருவோம்டா. நீ பி.காம் படிக்கிறேல்ல, எது வாங்கலாம்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். பணம் எங்கே என்று கேட்டேன். பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதாகப் பேச்சு. அவ்வளவு நேரம் விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போகும்போது பைக்கத் தூக்கிட்டுப் போகும், சரி. வரும்போது என்னத்தடா கொண்டுட்டு வரும்?"

மூன்று வருஷமாகக் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறேன். இதைவிட நல்ல கேள்வியை எந்தப் பரீட்சையிலும் பார்த்ததில்லை.

நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பார்த்த வண்டிகள் இவை.

ஆம்னி வேன்: விலை குறைவு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பைக்கின் ஹேண்டிலைத் தளர்த்திச் சாய்த்தால் ஒரு பைக் போகும். மழை படாது, பூட்டலாம். ஆனால் பெட்ரோல் வாசனையோடு பத்து மணி நேரம் மூடிய வண்டிக்குள் உட்கார வேண்டும். 2019-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்பதால் கிடைப்பதெல்லாம் பழசு. முக்கியமாக, ரேஸ் இல்லாத நாளில் ஆட்டையோ கரி மூட்டையையோ அதில் ஏற்ற முடியாது.

பொலிரோ பிக்கப், தோஸ்த்: ரெண்டுமே நல்ல வண்டி. ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், தொட்டி நீளம், ஹைவேயில் வேகம் பிடிக்கும். பைக் ரெண்டு, டயர், டூல்ஸ் எல்லாம் தாராளமாகப் போகும். பழைய வண்டியே நாலரை லட்சத்துக்குக் குறையவில்லை. 142 கிலோ பைக்குக்கு ஒரு டன் வண்டி எதற்கு என்று என் நோட்டு கேட்டது.

டாடா ஏஸ்: நம்ம குட்டியானை. 2005-ல் வந்த வண்டி. முக்கால் டன் தாங்கும். டேப் வைத்து அளந்தேன். தொட்டி 7 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், ஏறக்குறைய 4¾ அடி அகலம். ஆர்15 நீளம் ஆறரை அடி. அதாவது பின் கதவை மூடிப் பூட்டலாம். இன்னொரு பைக் ஏற்றுவதென்றால் ஒன்று முன்னே பார்த்தும் மற்றது பின்னே பார்த்தும் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஹேண்டிலும் ஹேண்டிலும் இடிக்கும். குறை என்னவென்றால் வேகம் கிடையாது. சென்னைப் பயணம் என்றால் ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டும்.

சட்டமும் பார்த்தேன். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சாதாரண எல்எம்வி லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோ வரைக்கும் சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. எஃப்சி மட்டும் வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது. கேபினில் ரெண்டு பேர்தான். ஆக மூன்றாவது ஆளான நான் எப்போதும் பஸ்தான்.

இப்போது கணக்கு. வருஷத்துக்கு ஐந்து தடவை போவதாக வைத்துக்கொண்டேன். சென்னைப் பக்கம் 3, கோவை 2.

வாடகை வண்டி என்றால்: சென்னைக்கு 17,000 வீதம் 51,000. கோவைக்கு 9,500 வீதம் 19,000. மொத்தம் 70,000 ரூபாய்.

சொந்த ஏஸ் என்றால்: ஆறு வருஷப் பழைய வண்டி 2,60,000. ஐந்து வருஷம் கழித்து 1,35,000-க்கு விற்கலாம் என்று வைத்தால், நேர்க்கோட்டு முறைப்படி வருஷத் தேய்மானம் 25,000. இன்சூரன்ஸ், எஃப்சி, வரி 28,000. டயர், ஆயில் 14,000. ஐந்து பயணத்துக்கும் டீசல், லிட்டருக்கு 18 கி.மீ., 92 ரூபாய் என்று போட்டால் 20,700. டோல் 8,000. மொத்தம் 95,700. அதோடு அடகு வட்டி 9 சதவீதம், 23,400. ஆக 1,19,100 ரூபாய்.

அதாவது ரேஸுக்காக மட்டும் என்றால் சொந்த வண்டி வாங்குவது வருஷத்துக்கு 49,100 ரூபாய் நஷ்டம். வாடகைதான் லாபம். "சொந்த வண்டி இருந்தா செலவு மிச்சம்" என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது சுத்தப் பொய்.

அந்த 49,100-ஐ வண்டியே சம்பாதித்தால்? எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் இருக்கின்றன. விடிவதற்குள் பூ மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இருக்க வேண்டும். டீசலும் தேய்மானமும் போக ஒரு நடைக்கு 300 ரூபாய் நிற்கும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். 49,100-ஐ 300-ஆல் வகுத்தால் 164. அதுதான் எங்களுடைய லாப நஷ்டமில்லாப் புள்ளி. வருஷத்தில் 164 நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவர் எழுந்து வண்டி எடுக்க வேண்டும். பெரிய வண்டி என்றால் இன்னும் நூறு நடைக்கு மேல் ஆகிறது, அவ்வளவு லோடு இங்கே கிடைக்காது. இப்படித்தான் ஏஸ் முடிவானது.

வெளிநாட்டில் அந்தக் காலத்துத் தனி ரேஸர்கள் வேனிலேயே பைக்கை வைத்து, அதிலேயே சமைத்துத் தூங்கி ஊர் ஊராக ரேஸ் ஓட்டினார்களாம். கான்டினென்டல் சர்க்கஸ் என்று அதற்குப் பெயர். அந்த வேன் முழுக்க முழுக்க ரேஸுக்கு. நமக்கு அப்படி வாய்க்காது. இங்கே வண்டி ஐந்து தடவை ரேஸுக்குப் போக வேண்டுமானால் மீதி நாளெல்லாம் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அதனால் யாராவது இப்படி வண்டி தேடினால் நான் சொல்வது இதுதான்: பைக்கை அளப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் என்ன லோடு இருக்கிறது என்று பாருங்கள்.

தை மாதம் சங்கிலி அடகுக்குப் போனது, வண்டி வீட்டுக்கு வந்தது. சித்திரை, வைகாசியில் பூ கொட்டியது, நன்றாக ஓடியது. இடையில் கட்டுவதையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம். சைடு ஸ்டாண்டு போடவே கூடாது. முன் சக்கரம் தொட்டியின் முன் சுவரில் முட்டி நிற்க வேண்டும். ராட்செட் பெல்ட்டை ஹேண்டிலில் மாட்டாமல் அதற்குக் கீழே ஃபோர்க்கைப் பிடிக்கிற கிளாம்பில் மாட்டி, ரெண்டு பக்கமும் முன்னோக்கி இழுத்து, ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இறுக்க வேண்டும். பின் சக்கரத்துக்குத் தனி பெல்ட். 20 கி.மீ. போனதும் இறங்கி ஒரு தடவை பார்க்க வேண்டும். ஏற்றுவதற்குப் பலகை கூட வேண்டாம், கண்மாய்க் கரையில் வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் பைக் சமதளமாக உள்ளே உருண்டுவிடும்.

ஆவணியில்தான் சோதனை. இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ், அதே சனி ஞாயிறு முகூர்த்தம். பூ விலை ஏறிக் கிடக்கிறது. ஐந்து தோட்டக்காரர்கள் எங்கள் வண்டியை நம்பியிருக்கிறார்கள். நாலு நாள் வண்டி இல்லையென்றால் அவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள், திரும்பி வரமாட்டார்கள். வாய்ப்புச் செலவு என்று புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தது வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்ணன் ஒரு ராத்திரி முழுக்கப் பேசவில்லை. காலையில், "இந்தத் தடவ வேணாம்டா" என்றார்.

பெரியம்மாதான் வழி சொன்னார். "மதுரை வரைக்கும் பூவோடயே போகட்டுமே. அங்கேருந்து போறவுக யாரும் இல்லையா?"

இருந்தார். மதுரையில் ஒரு ரேஸர், பெரிய பிக்கப் வைத்திருக்கிறார். டீசலில் பங்கு கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். வியாழன் விடியற்காலை, பூ மூட்டைகளுக்கு நடுவில் பைக் நின்றுகொண்டு காரியாபட்டி வழியாக மாட்டுத்தாவணி போனது. பூவை இறக்கினோம், பைக்கை பிக்கப்பில் மாற்றினோம், அண்ணன் அதில் ஏறிக்கொண்டார். ஏஸ் ஊருக்குத் திரும்பியது. நான் பஸ் ஏறினேன், வழக்கம்போல.

அண்ணன் அந்த ரேஸில் 11-ஆவது. கீழே விழவில்லை. விழுந்தால் சொந்தச் செலவுதான், ரேஸில் நடக்கிற சேதத்துக்குச் சாதாரண பைக் இன்சூரன்ஸ் பணம் தராது. திரும்பி வந்து பைக்கைக் கழுவும்போது செயின் கவருக்குள் காய்ந்த மல்லிகை மொட்டு ஒன்று கிடந்தது. பெரியம்மாவிடம் காட்டினோம். "வெறுங்கையோட வரலயில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்று வரைக்கும் 121 நடை முடிந்திருக்கிறது. இன்னும் 43 பாக்கி. மார்கழி வந்தால் பூ குறைந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி பக்கம் யாருக்காவது லோடு இருந்தால் சொல்லுங்கள் நண்பர்களே. ஆடு, கரி, பூ, கட்டில், பீரோ எதுவானாலும் சரி. பைக் என்றால் நானே வந்து கட்டித் தருகிறேன். இந்தத் தடவை விழாது. :-)