ஒப்புதல் கடிதம் வரும்வரை



பட்டணத்திற்குப் பிழைக்க வந்த நம்மில் பலருக்கு ஆண்டு என்பது 11 மாதங்களே. மும்பையிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. பத்தாம் மாதம் பிறந்ததும் வீட்டில் ஒரு கலக்கம் தொடங்கும். வாடகையை உயர்த்துவாரா? காலி செய்யச் சொல்லுவாரா? பிள்ளைகளின் புத்தகங்களும் பீரோவும் கட்டிலும் மீண்டும் ஒரு டெம்போவில் ஏற வேண்டுமா? இப்படி ஆறேழு வீடுகள் மாறிய ஒரு தாய், “எனக்கென்று ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும்” என்று சொன்னால், அதை உலக ஆசை என்று எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

இத்தகைய குடும்பங்களின் காதில் ஒரு நாள் ஒரு செய்தி விழுகிறது. “ஒருவர் கடன் கட்ட முடியாமல் வீட்டை விற்கிறார். சந்தை விலையைவிடக் குறைவு. வங்கி சம்மதித்தால் போதும், முடித்துவிடலாம்.” அந்தப் ‘போதும்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை மாதங்களின் உறக்கமற்ற இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பதைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் நான் எபிரெயு இலக்கணம் கற்றேன். வங்கிச் சட்டம் கற்கவில்லை. ஆனால் சபையார் வீடு வாங்கும்போது போதகரும் வழக்கறிஞரின் வாசலில் அமர வேண்டியிருக்கிறது. அப்படி அமர்ந்து நான் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்கடனின் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்துகிறது. அதன்பின் 2002-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி, 60 நாட்களுக்குள் கடன் முழுவதையும் செலுத்துமாறு கடனாளிக்கு அறிவிப்பு அனுப்பலாம். அந்த அறிவிப்பு கையில் கிடைத்த பிறகு, அதே சட்டத்தின் 13(13) பிரிவு அவருடைய கையைக் கட்டிவிடுகிறது. வங்கியின் எழுத்துமூலமான முன்அனுமதி இல்லாமல் அவர் அந்த வீட்டை விற்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. வீடு அவர் பெயரில் இருக்கும். சாவியும் அவரிடம் இருக்கும். விற்கும் உரிமையோ வங்கியின் ஒப்புதலுக்குள் அடைபட்டிருக்கும்.

வீட்டின் விலை கடன் பாக்கியைவிடக் குறைவாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. விற்பனைக்கு மட்டுமன்று, தன் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதற்கும் வங்கி இசைய வேண்டும். அமெரிக்காவில் இதனை ‘ஷார்ட் சேல்’ என்பார்கள். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இது மிகுதியாக நடந்தது. நம் நாட்டில் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ என்ற சமரசத் தீர்வின் வழியாகவே இது நடைபெறுகிறது. கிளை மேலாளர் தாமாக முடிவெடுத்துவிட முடியாது. மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். கோப்பு மேலலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். தொகையைப் பொறுத்து அதற்குரிய அதிகாரியோ குழுவோ முடிவு செய்ய வேண்டும். வாங்குகிறவர் இந்த மேசைகளில் எதன் முன்னும் நிற்க முடியாது. வங்கிக்கு அவர் கடனாளியும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. காத்திருக்கிற மனுஷர், அவ்வளவே.

ஐந்து மாதங்கள்

எங்கள் சபையில் ஒரு சகோதரர் இருக்கிறார். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து இளவயதில் வந்து, ஒரு தொழிற்சாலையில் பிட்டராக வேலை செய்கிறவர். அவர் மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பத்லாபூரில் ஒரு படுக்கையறை கொண்ட வீடு ஒன்று இவ்விதமாக அவர்கள் முன் வந்தது. விற்பவருக்கு வட்டியோடு 29 லட்சம் பாக்கி. இவர்கள் 24 லட்சம் தருவதாகச் சொன்னார்கள். விற்பவர் அந்த விலையோடு வங்கிக்கு விண்ணப்பம் கொடுத்தார். அன்றிலிருந்து காத்திருப்பு தொடங்கிற்று.

மார்ச் மாதத்தில் மதிப்பீட்டாளர் வந்து போனார். ஏப்ரலில் ஒரு செய்தியும் இல்லை. மே மாதத்தில் கோப்பைக் கையாண்ட அதிகாரி இடமாற்றமாகிப் போனார். புதியவர் மீண்டும் முதலிலிருந்து காகிதங்களைக் கேட்டார். ஜூன் முதல் வாரத்தில் 24 லட்சம் போதாது, 25 லட்சமாக்க வேண்டும் என்று பதில் வந்தது. சகோதரர் தமது வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பித்தார். இதற்கிடையில் அவருக்கு 20 லட்சம் வீட்டுக்கடன் தர இசைந்திருந்த வேறொரு வங்கியின் கடிதம் காலாவதியாகிவிட்டது. அதையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

இந்த மாதங்களில் அந்த வீட்டில் கைப்பேசி ஒலித்தால் எல்லாரும் சமையலறையை விட்டு ஓடிவருவார்களாம். கடன் அட்டை விற்கிறவர்களாகவே இருப்பார்களாம்! மகளின் பள்ளிக்கூடம் ஜூன் நடுவில் திறக்க இருந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்குவதா, வேண்டாமா? வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேண்டாமா? “பாஸ்டர் ஐயா, விசுவாசம் இருந்தால் சான்றிதழை வாங்கிவிட வேண்டும் அல்லவா?” என்று சகோதரர் கேட்டார். “தம்பி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை வைத்து விசுவாசத்தை அளக்க வேண்டாம். கையில் கடிதம் வரும்வரை பிள்ளை இருக்கிற பள்ளியிலேயே படிக்கட்டும்” என்றேன். அப்படியே செய்தார்கள்.

எதற்காக ஜெபிப்பது?

ஆனால் அவர் மனைவி கேட்ட கேள்விதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு வந்து நின்றார்கள். “ஐயா, அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அந்த அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த வீடு எங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் முழங்கால்படியிடும்போதெல்லாம், அவர்கள் வீட்டை இழக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேனோ என்று பயமாயிருக்கிறது. நான் எதற்காக ஜெபிப்பது?”

வாசகரே, நீங்களாயிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

நான் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். மதில் சூழ்ந்த பட்டணத்தில் ஒருவன் தன் வீட்டை விற்றால், ஒரு வருஷம் முழுவதும் அதை மீட்டுக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு என்றும், அந்த வருஷம் கடந்தபின் வாங்கினவனுக்கே அது நிலைத்துவிடும் என்றும் அங்கே காண்கிறோம். இழந்தவனுக்கும் ஒரு காலம். வாங்கினவனுக்கும் ஒரு நிச்சயம். நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. சர்பாசி சட்டத்தின் 13(8) பிரிவு 2016-ஆம் ஆண்டு திருத்தப்பட்டபடி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்வரை கடனாளி பாக்கி முழுவதையும் செலவுகளையும் செலுத்தி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இந்த எல்லையை உறுதிப்படுத்தியது.

ஆகவே அந்தச் சகோதரியிடம் இரண்டு காரியங்களைச் சொன்னேன். முதலாவது, அவர்களுக்கு மீட்கும் வழி திறக்குமானால் அதற்காக நாம் சந்தோஷப்பட வேண்டும். அதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டாவது, அந்த வழி திறக்காவிட்டால், வங்கியின் ஒப்புதலுக்காக நம்மைவிட ஏக்கத்தோடு காத்திருக்கிறவர்கள் அவர்களே. ஒப்புதல் வராமற்போனால் அடுத்த படி ஏலம். ஏலத்தில் வீடும் போகும். கிடைத்த தொகை பாக்கிக்குப் போதாவிட்டால் மீதிக்காக வங்கி அவர்களைத் தொடரவும் முடியும். சமரசத் தீர்விலோ, விட்டுக்கொடுத்த பாக்கி அவர்களைப் பின்தொடராது. கடன் வரலாற்று அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்று பதிவாகி, புதுக் கடன் பெறுவதைக் கடினமாக்கும். ஆயினும் இரவில் கதவு தட்டப்படும் பயம் தீரும். “நீங்களும் அந்த அக்காவும் ஒரே கடிதத்திற்காகக் காத்திருக்கிறீர்கள், அம்மா. இரண்டு வீட்டாருக்காகவும் சேர்த்தே ஜெபியுங்கள்” என்றேன்.

அடுத்த ஞாயிறு மாலை கணவனும் மனைவியுமாகப் பத்லாபூர் சென்றார்கள். “உங்கள் உறவினர் யாராவது பணம் ஏற்பாடு செய்தால் எங்களுக்காகத் தயங்க வேண்டாம். நாங்கள் விலகிக்கொள்கிறோம்” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த மனுஷர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இரண்டு வருஷமாக எங்களிடம் பணம் கேட்டவர்கள்தான் வந்தார்கள். இப்படிச் சொல்ல யாரும் வந்ததில்லை” என்றாராம். அன்றிரவு தங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கினார்கள் என்று சகோதரி சாட்சியாகச் சொன்னார்கள். கடிதம் அப்போதும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது என்று பொருளல்ல. ரூத்தைப் பொறுமையாய் இருக்கச் சொன்ன நகோமி, அதே நாளில் போவாஸ் காரியத்தை முடிக்காமல் இளைப்பாற மாட்டான் என்பதையும் அறிந்திருந்தாள். அவன் பட்டண வாசலுக்குப் போய், மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்து, தன்னைவிட நெருங்கிய சுதந்தரவாளியை முதலில் கேட்டு, அவன் விலகிய பிறகே நிலத்தை மீட்டான். எரேமியாவோ எருசலேம் முற்றுகையிடப்பட்ட நாட்களில், தான் காவலில் அடைபட்டிருந்தபோதே, ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் செய்தான். விசுவாச வீரர்கள் காகித வேலையை அலட்சியம் செய்யவில்லை!

ஆகையால் இப்படிப்பட்ட வீட்டை நாடுகிறவர்கள் இவற்றைக் கவனியுங்கள். முன்பணத்தை ரொக்கமாக விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். சமரச விண்ணப்பத்தோடு ஒரு தொகை கட்ட வேண்டுமென்றால், அதை வங்கியில் ‘நோ-லீன்’ கணக்கில் செலுத்தி, தீர்வு நிறைவேறாவிட்டால் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். வங்கியின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வீட்டின்மேல் வேறு அடமானம் உண்டா என்பதை 2011 முதல் இயங்கிவரும் செர்சாய் பதிவேட்டில் வழக்கறிஞர் மூலம் தேடிப் பாருங்கள். குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்பு பாக்கி, சொத்து வரி, மின்கட்டணம் ஆகியவற்றையும் விசாரியுங்கள். வங்கியிடம் இருக்கும் மூலப் பத்திரங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் பக்கத்துக் காரணத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. சமரசமாகத் தீர்ந்த கடனுக்கும் இது பொருந்தும்.

காத்திருக்கப் பொறுமையின்றி, “ஏலத்திலேயே எடுத்துவிடலாம்” என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே காலம் தலைகீழாக ஓடும். ஏலம் உங்கள் பெயரில் முடிந்த அன்றோ அடுத்த வேலைநாளிலோ விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதியான 15 நாட்களுக்குள் கட்ட வேண்டும். எழுத்துமூலமாக இசைந்தால் மட்டுமே மூன்று மாதம்வரை நீட்டிப்பு உண்டு. தவறினால் கட்டிய பணம் பறிபோகும். வீட்டில் ஆள் குடியிருந்தாலும், பழைய பாக்கிகள் இருந்தாலும், ‘உள்ளது உள்ளபடியே’ என்ற நிபந்தனையில்தான் விற்பார்கள். கையில் பணமில்லாதவர்கள் அந்த வாசலுக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. கிடைக்கப்போகும் வீட்டை நம்பி நகையை அடகு வைத்து மரச்சாமான் வாங்காதீர்கள். இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யாதீர்கள். ஊரில் உள்ளவர்களிடம் கிரகப்பிரவேச ஜெபத்துக்கு நாள் சொல்லாதீர்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று மட்டும் வங்கியை விசாரித்து, மற்ற ஆறு நாட்களையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கடிதம் வந்தது

ஜூலை மாதத்தில் ஒப்புதல் வந்தது: 25 லட்சம், 30 நாட்களுக்குள். இருபத்தேழாம் நாளில் பணம் ஒரு வங்கியிலிருந்து மற்ற வங்கிக்குச் சென்றது. பத்திரப்பதிவு முடிந்தது. சாவியைப் பெறும்போது நானும் உடனிருந்தேன். விற்ற சகோதரர், எந்தக் குழாய் ஒழுகும், எந்தச் சன்னல் மழைக்கு இறுகிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகக் காண்பித்தார். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில், தண்ணீர் வரும் நேரங்களை எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. அவர் மனைவி அதைக் கிழிக்கப் போய், “உங்களுக்கு உதவும், இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் ஏறெடுத்த முதல் ஜெபத்தில் சகோதரி முதலாவது அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொன்னார்கள்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. ஐந்து மாதம் காத்திருந்து ‘இல்லை’ என்ற பதிலைப் பெற்ற குடும்பத்தையும் நான் அறிவேன். அவர்கள் முன்பணம் சரியான கணக்கில் இருந்தபடியால் குறையாமல் திரும்பி வந்தது, வீடுதான் வரவில்லை. அவர்களும் தேவனுடைய பிள்ளைகளே. அவர்கள் விசுவாசத்தில் குறைவு இருந்தது என்று யாரும் சொல்லத் துணிய வேண்டாம்.

பிரியமானவரே, இன்று நீங்களும் ஒரு கடிதத்திற்காகக் காத்திருக்கிறீர்களா? உங்கள் காகிதங்களை ஒழுங்காக வையுங்கள். பணத்தைப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இன்றிரவு முழங்காலிடும்போது, அந்த வீட்டில் இப்போது விளக்கேற்றியிருக்கிறவர்களின் பெயரையும் உங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.