பாக்கிக்காரர் பட்டியலின் பூர்வீகம்

புரோகிராம் எழுதத் தெரியாத கடைக்காரரே தனக்கு வேண்டிய மென்பொருளைச் செய்துகொள்ளலாம் என்பதை ஏதோ நேற்றுப் பிறந்த அதிசயம்போலச் சொல்லக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். ‘லோ-கோடு’ என்ற பெயரை ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014-இல் புழக்கத்தில் விட்டது, வாஸ்தவம். பெயர் வைத்த நாளையே பிறந்த நாளாக்கிவிட்டால் எப்படி? மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்தக் கடையொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாய்மாமா, எண்பதுகளின் கடைசியிலேயே கம்ப்யூட்டரில் பாக்கிக்காரர் பட்டியல் வைத்திருந்தார் என்று வீட்டில் பேச்சு உண்டு. அதை அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

“யாரும் எழுதிக் குடுக்கல மாப்ளே. கேட்டேன், குடுத்துச்சு” என்பார் மாமா. எப்போது கேட்டாலும் இதே பதில்தான். அந்தக் காலத்தில் புரோகிராமர் இல்லாமல் முடிந்திருக்காது என்றால் கோபம் வந்துவிடும். ஒருநாள் மட்டும், “திரையில ஒரு புள்ளி நிக்கும். அதுக்குப் பக்கத்துல அடிக்கணும்” என்றார். அந்தப் புள்ளியை வைத்துப் பிடித்துவிட்டேன்: டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருள்.

‘கிரியேட்’ என்று அடித்தால் அதுவே வரிசையாகக் கேட்கும்: பத்தியின் பெயர் என்ன, எழுத்தா எண்ணா தேதியா, அகலம் எவ்வளவு? பெயர் பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டும். பாக்கி, ஊர், பில் தேதி என்று ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தால் பேரேடு தயார். ‘லிஸ்ட் ஃபார் பாக்கி > 5000’ என்றால் ஐயாயிரத்துக்கு மேல் நிலுவை வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் திரையில் வந்து நிற்பார்கள். மாமா சொன்னது சரிதான். கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறது.

அப்படியானால் டிபேஸ் எங்கிருந்து வந்தது? எங்கே தேடினாலும் ஒரே கதைதான் கிடைத்தது. வெய்ன் ராட்லிஃப் என்ற பொறியாளர், கலிபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அலுவலகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம் கட்டுவார்கள். அதில் ஜெயிக்க, பத்திரிகையில் வரும் ஆட்ட விவரங்களைக் கையால் கணக்கிட்டு அலுத்தவர், 1978-இல் தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ‘வல்கன்’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதைத்தான் ஆஷ்டன்-டேட் நிறுவனம் ‘டிபேஸ் II’ என்று 695 டாலருக்கு விற்றது. டிபேஸ் I என்று ஒன்று கிடையாது. நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் டேட் இருந்தார். ஆஷ்டன் என்று யாரும் இல்லை. இப்படிச் சுவையான கதை கையில் கிடைத்தால் யாருக்கு விட மனம் வரும்? நானும் அதையே சுற்றிச்சுற்றி வந்தேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பந்தயம் கட்டுறவன் ஜெயிச்சா வாங்குவான், தோத்தா குடுப்பான். அவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பேரேடு? அவனுக்கு முன்னாடி எவனோ சரக்குக் கணக்கு வச்சிருக்கான். அவனத் தேடு.”

தேடினேன். ராட்லிஃபுக்கு முன்மாதிரி, அதே ஆய்வகத்தின் யூனிவாக் 1108 இயந்திரத்தில் ஓடிய ‘ஜேபிஎல்டிஸ்’. அதை எழுதியவர் ஜாக் ஹாட்ஃபீல்ட்; பின்னர் ஜெப் லாங் வளர்த்தார். அதற்கும் முன்மாதிரி, டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் ‘ரிட்ரீவ்’. 1960களின் இறுதியில் அந்த ஆய்வகத்தில் ஃப்ரெட் தாம்ப்சன் என்பவர் ரிட்ரீவை எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? கால்குலேட்டர்களைப் பதிவுசெய்து வைக்க! அன்றைக்கு எலெக்ட்ரானிக் கால்குலேட்டர் கொள்ளை விலை. கணக்கில் வைக்க வேண்டிய சொத்து. விண்கலங்களை அனுப்பும் இடத்திலிருந்து மாமாவின் மேசைக்கு வந்தது ராக்கெட் கணிதமல்ல, ஸ்டாக் ரிஜிஸ்டர்தான்.

அதன்பிறகு, யார் முதலில் செய்தார் என்ற கேள்வியே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கணக்கு வைத்திருப்பவருக்கு அடுத்தவர் எழுதித் தரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. இந்த வம்சம் முழுவதும் அந்த அவசரத்தில் பிறந்தது. சென்னைக்காரர்களின் ஜோஹோ கிரியேட்டர் 2006-இல் வந்தபோதும் முதலில் கேட்டது, எந்தெந்தப் பத்தி வேண்டும் என்றுதான்.

வம்சத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பட்டியல் வந்ததும் மாமாவின் முதலாளிக்கு ஆசை பெருகியது: பாக்கிக்கு நாள்கணக்கில் வட்டி போட வேண்டும், தவணை தவறியவருக்குத் தனிக் கடிதம் அடிக்க வேண்டும். கேள்வி கேட்பது போதவில்லை; டிபேஸின் ‘டூ வைல்’ கட்டளைகளை அடுக்கி எழுத ஒரு இளைஞரை அமர்த்தினார்கள். அவர் வேறு வேலைக்குப் போனதும் அதில் கைவைக்க ஆளில்லை. ஜோஹோ கிரியேட்டருக்குள்ளும் ‘டெலூஜ்’ என்றொரு நிரல்மொழி இருக்கிறது. கோடு வேண்டாம் என்று வாசலில் விரட்டினால் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது.

கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் நகலெடுத்து மாமா காப்பாற்றிய டிபேஸின் டிபிஎஃப் கோப்பை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தேன். ஊரும் பாக்கியும் தேதியும் பத்தி பிசகாமல் வந்தன. வட்டி போட்ட நிரலுக்கு அதில் வேலையில்லை. ஆகவே இன்று எந்தக் கடைக்காரர் என்னிடம் எந்த ஆப் வாங்கலாம் என்று கேட்டாலும், அது என்னென்ன செய்யும் என்று நான் விசாரிப்பதில்லை. நாளைக்கு அதைக் கைவிட்டால் உங்கள் பேரேடு முழுசாக உங்கள் கைக்கு வருமா? அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள் என்கிறேன்.