அரைச் சோறு

தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்துவிட்டுச் சோற்றைக் குறைப்பது லேசான காரியமல்ல. பரிமாறுகிறவர் முகம் வாடிவிடும்.

1863-இல் லண்டனில் பாண்டிங் என்ற ஸ்தூல சரீரி, ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விலக்கித் தாம் இளைத்த விதத்தைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் தொழில் பிரேத அடக்கம். எச்சரிக்கை கண்ணெதிரிலேயே இருந்தது!

நம் பாட்டனார் காலத்திலும் மூன்று வேளை சோறுதான். ஆனால் நாற்றங்காலிலிருந்து களம் வரை கால்கள் ஓயவில்லை. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் யந்திரம், நமக்கோ நாற்காலி.

கோதுமைக்கு மாறினால் போதுமென்பார் உளர். இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தே என்று கண்ட 2025-ஆம் வருஷத்து ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி, அதனால் மட்டும் நீரிழிவு அபாயம் குறையாதென்கிறது. பருப்பும் பாலும் அவ்விடத்தைப் பிடித்தால் குறையுமாம்.

ஆகவே நாம் அரிசியைப் பாதியாக்கினோம். பருப்பும் தயிரும் கூடின. மாலையில் புது ஆற்றங்கரையில் ஒரு மணி நேர நடை. பிள்ளையார் சதுர்த்தியன்று மட்டும் அடுத்த மதகு வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.