இரண்டு விரல் ஆட்டம்

பழைய காரை வைத்துக் காப்பாற்றுகிறவனுக்கு இலவசப் புத்திமதிக்குக் குறைவே கிடையாது. "விற்றுத் தொலையும் ஐயா!" என்பார் ஒருவர். "இரும்புக் கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான்" என்பார் இன்னொருவர். என்னிடம் இருப்பது அம்பாஸடர். 1956-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தர்பாராவில் செய்த வண்டி. 2014 மே மாதத்தோடு அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. அதனால் என்ன? திருநெல்வேலிச் சீமையில் அதன் நாடி பார்க்கத் தெரிந்த வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் போக நேர்ந்தது, என் நண்பரின் தாயாரை உத்தேசித்து.

நண்பர் பிறந்தது மாஞ்சோலையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றில். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்ததும், அங்கே தேயிலை வந்ததும் பலர் அறிந்த கதை. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திக்கொண்டது. அந்தச் செய்தியைக் கேட்ட நாள் முதல் அம்மாளுக்கு ஒரே நினைப்பு: தான் கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று வளர்த்த வீட்டு வாசலை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். வயது எழுபத்தெட்டு. பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும். "தொரைமாருக்கு ஒதுங்கி வழி விட்ட ரோட்டுல, ஒரு நாளாச்சும் பிளஷர்ல போகணும், தம்பி" என்றார் என்னிடம். மறுக்க முடியுமா?

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டினேன். பெரியவர் இன்ஜினைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"பாத்தியளா? ரெண்டு விரக்கடை சும்மா ஆடுது. சக்கரம் அசையக் காணும். டவுனுக்கு இது போதும். மலைக்கு ஆவாது."

முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். 'டொக் டொக்' என்றது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். சத்தமில்லை. "பேரிங்கு சுத்தம். டை ராடு எண்டுதான் போச்சு" என்று தீர்ப்பு வந்தது.

அம்பாஸடரின் ஸ்டியரிங் தண்டு அடியில் ஒரு சின்னப் பல்சக்கரத்தில் முடிகிறது. அது ரேக் என்ற பல்கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் இரு கோடியிலும் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்பும். டை ராடின் முனையில், கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. மேலே மூடிய ரப்பர் கிழிந்தால் மண்ணும் தண்ணீரும் புகுந்து கிண்ணத்தை அரித்துவிடும். முற்றும் தேய்ந்த குண்டு ஒரு நாள் கிண்ணத்தை விட்டுக் கழன்றால், சக்கரத்துக்கும் நமக்கும் உறவு அற்றுப்போகும்.

"ரேக்கைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகாதா, அண்ணாச்சி?" என்றேன்.

"வண்டி முக்காவாசி நேரம் நேராத்தான ஓடுது? நடுப் பல்லுதான் தேயும். நடுவுக்குன்னு இறுக்கினா, முழுசா ஒடிக்கையில கடைசியில பிடிச்சுக்கிடும். கொண்டை ஊசி வளைவுல பிடிச்சா என்ன செய்விய?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

சாமான் திருநெல்வேலியிலிருந்து மறுநாள் வந்தது. மூட்டைக் கழற்ற அவர் ஆணியைத் தட்டவில்லை. ஒரு சுத்தியலைப் பக்கத்தில் தாங்கல் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி ஓர் அடி. சரிவாக இறங்கியிருந்த ஆணி தானாக விட்டுக்கொடுத்தது. பழையதைத் திருகி எடுக்கையில் சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினார். புது ரப்பர், புது கிரீஸ், நட்டுக்குப் புதுப் பூட்டு ஊசி. பிறகு நூல் பிடித்து இரண்டு முன் சக்கரங்களையும் நேர் பார்த்தார். "ஒண்ணு நல்லாத்தான இருக்குன்னு விடப்படாது. ரெண்டும் ஒரு வயசு" என்று மறுபக்கத்தையும் மாற்றினார்.

வனத்துறை அனுமதியோடு மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டினோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கீழே அணைத் தண்ணீர் தட்டுப்போல் சுருங்கிக்கொண்டே போயிற்று. வளைவுக்கு வளைவு, நான் கேட்ட இடத்தில் சக்கரம் நின்றது. அம்மாள் பின்சீட்டில், யாருக்கோ பதில் சொல்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

லைன் வீடுகள் ஒன்றுபோல் ஒன்று. பல பூட்டிக் கிடந்தன. அம்மாள் வரிசையோடு நடந்தார். ஒரு வாசலில் நின்று குனிந்தார். படிக்கல்லின் ஓரத்தில், அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம். அதில் இரண்டு விரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"இதுதான்டா" என்றார் மகனிடம். உள்ளே போகவேண்டும் என்று கேட்கவில்லை.

இறங்கும்போது யாரும் பேசவில்லை. இரண்டாவது கியரில் மெள்ள இறக்கினேன். சாவடி தாண்டிச் சமதரை வந்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது:

"தம்பி, வண்டி ஆடாம அசையாம வந்துச்சு. யாரு சொன்னாலும் வித்துராதிய."